எட்டாவது ஷரத்து

குத்தாலம் கடைத்தெருவில் உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது டேவிட்சன் டிராவல்ஸ். படியேறும்போதே உர வாடை மூக்கைத் துளைக்கும். அந்த வாடையில் பதினேழு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள் அனிட்டா. குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போகிற பெண்களுக்கு, இங்கிலீஷில் வரும் ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துச் சொல்லிக் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. டேவிட்சன் முதலாளி. நல்லவர்தான்; கெட்டது செய்ய அவருக்கு நேரம் கிடையாது.

எட்டாவது ஷரத்து இப்படி வரும்: வேலைக்கு வருகிறவள் வீட்டாரின் எல்லா உத்தரவுக்கும் கீழ்ப்படிய வேண்டும். தொண்ணூற்றைந்தில் வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாக அதைத் தமிழில் டைப் அடித்தபோது அனிட்டாவுக்குக் கை நின்றுவிட்டது. பத்தொன்பது வயசில் கன்னியர் மடத்தில் சேர்ந்து இரண்டு வருஷம் இருந்து பார்த்தவள் அவள். அங்கே கீழ்ப்படிதல் ஒரு வார்த்தைப்பாடு, கடவுளுக்குக் கொடுக்கும் சத்தியம். கழுவி முடித்த வராந்தாவை மறுபடியும் கழுவு என்றார் மதர். கழுவினாள். மூன்றாம் தடவையும் சொன்னார். "ஏன் மதர்?" என்று கேட்டுவிட்டாள். அடுத்த மாசம் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தாள்.

தாளில் 'கீழ்ப்படிய' என்று போட்டால், சேறு காயாத காலோடு வந்து உட்கார்ந்திருக்கும் பெண் பயந்து எழுந்து போய்விடுவாளே என்று தோன்றியது. வேறு வார்த்தை தேடினாள். கடைப்பிடிப்பது சரிவரவில்லை, அது நாமாகவே விரும்பிச் செய்வது, தவக்காலம் முழுக்க அம்மா கறி தொடாமல் இருப்பாளே, அந்த மாதிரி. கட்டுப்படுவது ஊர்க்கூட்டத்துக்கு. அங்கே தலையாட்டிவிட்டு வந்தாலும் தெருமுனையில் நின்று திட்டிக்கொள்ளலாம். அடங்கிப் போவது என்றால் அடிவாங்கினவள் ஞாபகம் வருகிறது. கடைசியில் 'அனுசரித்து நடந்துகொள்ள வேண்டும்' என்று அடித்தாள். புகுந்த வீட்டுக்குப் போகிற பெண்ணிடம் எல்லாரும் சொல்வதுதானே! டேவிட்சன் படித்துப் பார்த்துவிட்டு, "பிரமாதம்" என்றார். அவளுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பெருமையை இந்த ஈஸ்டர் முடிந்த வாரம் தங்கமணி வந்து இறக்கிவைத்தாள். குவைத்தில் நாலு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியிருந்தாள். போகும்போது கையெழுத்துப் போட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்து, மடித்து மடித்துக் கிழிந்துபோன தமிழ்த் தாளை மேஜையில் வைத்தாள்.

"அனுசரிச்சுப் போன்னீங்கக்கா. நான் அனுசரிச்சேன். அவங்க அனுசரிக்கல."

திட்டவில்லை, அழவில்லை, ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை. அன்றிலிருந்து அந்த வார்த்தை வரும் இடத்தை அனிட்டா வேகமாகப் படித்துத் தாண்டினாள். அனுசரிப்பதென்றால் இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் வளைவது. குவைத் வீட்டுச் சமையல்கட்டில் வளைந்தது தங்கமணி மட்டும்தான். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை இந்தச் சொல்லைச் சொல்லி அனுப்பியிருப்போம் என்று எண்ணப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டாள்.

இந்த வருஷம் ஜூனில் மேட்டூர் அணை திறக்கவில்லை. குறுவை நடவு போச்சு. ஜூலையில் மாடிப்படி முழுக்கப் பெண்கள். அதில் ஒருத்தி அம்சம். முப்பத்துநாலு வயசு, நடவு வேலைக்குப் போகிறவள். புருஷன் திருப்பூர் போய் மூன்று வருஷமாகப் பேச்சுமூச்சு இல்லை. மகள் பத்தாம் வகுப்பு. அவளைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு அம்சம் கிளம்பத் தயாராக இருந்தாள்.

அனிட்டா ஒவ்வொன்றாகப் படித்தாள். எட்டாவது வந்தது. உள் அறையில் டேவிட்சன் போனில் பேசிக்கொண்டிருந்தார். கதவு திறந்துதான் இருந்தது.

"வீட்டுக்காரங்க என்ன சொன்னாலும் கீழ்ப்படியணும் அம்சம்," என்றாள். "பதில் பேச முடியாது. ஏன்னு கேக்க முடியாது. தாள்ல அனுசரிச்சுன்னு போட்டிருக்கு, நம்பாத. நான்தான் அப்படி எழுதினேன்."

உள்ளே போன் பேச்சு நின்றது. டேவிட்சன் வாசல்படியில் வந்து நின்றார்.

"அனிட்டா, என்ன இது? போற புள்ளைய ஏன் பயமுறுத்துறீங்க?"

அனிட்டா திரும்பிப் பார்க்கவில்லை. வேலை போனாலும் போகட்டும், இவள் எழுந்து போய்விட்டால் போதும் என்று வேண்டிக்கொண்டாள். ஒருத்தியாவது போகாமல் இருக்கட்டும்.

அம்சம் எழுந்திருக்கவில்லை.

"இருக்கட்டும் சார்," என்று டேவிட்சனிடம் சொல்லிவிட்டு அனிட்டா பக்கம் திரும்பினாள். "வயல்லயும் அதானக்கா. நிமிரக் கூடாதும்பாங்க, நிமிர மாட்டோம். ஆனா சாயங்காலம் ஆனா கரையேறிடுவோம். அதுக்கப்புறம் யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இதுல எத்தனை மணிக்குக் கரையேறலாம்னு போட்டிருக்கு? பாத்துச் சொல்லுங்க."

அனிட்டா பார்த்தாள். தமிழ்த் தாளைப் பார்த்தாள், இங்கிலீஷ் தாளைப் பார்த்தாள். இருபத்திரண்டு ஷரத்தையும் விரல் வைத்து மேலிருந்து கீழே தேடினாள். மனப்பாடமாகத் தெரிந்த தாள்தான். பதினேழு வருஷம் ஒரே ஒரு வார்த்தையைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தவளுக்கு, வேலை எப்போது முடியும் என்று அதில் எங்குமே இல்லை என்பது இன்றுதான் கண்ணில் பட்டது. அவமானமாக இருந்தது.

"இல்ல அம்சம். எங்கயும் போடல."

அம்சம் ஜன்னலைப் பார்த்தாள். வெளியே வாய்க்கால் காய்ந்து கிடந்தது. பிறகு பேனாவை எடுத்து, எழுத்துக்கூட்டி, பொறுமையாகக் கையெழுத்துப் போட்டாள்.

"ஏம்மா போடுற?" என்றாள் அனிட்டா.

"எம் புள்ள படிக்கணும்க்கா. தெரிஞ்சே போறேன், விடுங்க." எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டாள். "அடுத்து வர்றவங்களுக்கு இதையும் சேத்துப் படிங்க."

படியில் அவள் இறங்கும் சத்தம் கேட்டது. டேவிட்சன் கையெழுத்தைப் பார்த்தார், அனிட்டாவைப் பார்த்தார், உள்ளே போனார். அடுத்த பெண் வந்து தயங்கி நின்றாள்.

"வாங்க, உக்காருங்க," என்றாள் அனிட்டா. தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள். "இதுல என்ன எழுதலைங்கிறத மொதல்ல சொல்லிடறேன்."