சின்ன ஜோடி

கப்பலில் நான் பழகிக்கொண்ட கெட்ட வழக்கங்கள் இரண்டு. ஒன்று சுருட்டு. அதை என் வீட்டுக்காரி வாயிலிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டாள். இன்னொன்று போக்கர் என்கிற ஐந்து சீட்டு ஆட்டம். அது அவளுக்குத் தெரியாததால் பிழைத்துக்கொண்டது.

பர்மாவில் எங்கள் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத் தவணை முடிந்துவிட்டது. அடுத்து ஒருவர் போக வேண்டும். போனால் மூன்று வருஷம். பெண்டு பிள்ளைகளை அழைத்துப் போகும் வழக்கம் கிடையாது. என்னைப் பெற்ற அப்பச்சி எங்கள் நால்வரையும் கூப்பிட்டு, "ஒங்களுக்குள்ள பேசி ஒரு ஆளச் சொல்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டார். நால்வர் என்றால் நான், பெரியப்பா மக்களான என் அண்ணன்மார் இருவர், சித்தப்பா மகனான தம்பி. எல்லாரும் ஒரு தடவை கடல் தாண்டித் திரும்பியவர்கள்தான். யாருக்கும் மறுபடி போக மனமில்லை. நான் வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. என் கடைசிப் பையன் அப்போதுதான் என்னைப் பார்த்து அழுவதை நிறுத்தியிருந்தான். தம்பி பெண்டாட்டி முழுகாமல் இருந்தாள்.

"இளையாத்தங்குடிக் கோயில்ல பூக்கட்டிப் பாத்துருவோம். சாமி சொன்னா யாரும் மறுக்க முடியாதுல்ல" என்றார் பெரிய அண்ணன். சாமி முன்னால் பூப்பொட்டலம் போட்டு ஒன்றை எடுப்பதுதான் எங்களில் முறை. நான்தான் குறுக்கே விழுந்தேன். "கடைக்கு ஆள் போடுறதுக்கெல்லாம் சாமியக் கூப்புடணுமாண்ணே? சீட்டுல பாத்துக்கிருவோம்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பூவில் எனக்கும் அவர்களுக்கும் ஒரே நிலைமை, சீட்டில் அப்படியில்லை. இந்தக் கணக்கு என் மனசுக்குள் ஓடியது எனக்குத் தெரியாது என்று இன்றைக்குச் சொன்னால் வாய் வெந்துபோகும்.

இரண்டு நாள் ஆட்டம் சொல்லிக்கொடுத்தேன். தம்பி நல்ல மாணாக்கன். "ஜோடி பெருசாண்ணே?" என்று கேட்டான். பெரிதுதான் என்றேன். எத்தனை பேருக்கு முன்னால் பெரிது என்பதைச் சொல்லவில்லை.

அதைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். எதிரே ஒருவன்தான் என்றால் இரண்டு நாலு, இரண்டு ஐந்து மாதிரி சின்ன ஜோடிகூடப் பிழைக்கும். மூன்று பேர் இருந்தால் அவர்களில் யாரிடமாவது அதைவிடப் பெரியது இருக்கும். கொஞ்சமாகப் போட்டு, சீட்டு மாற்றும்போது அதே எண்ணில் மூன்றாவது வருகிறதா என்று பார்க்கலாம். குவியல் குவியலாகத் தள்ளுகிறார்கள் என்றால் சத்தமில்லாமல் சீட்டைக் கவிழ்த்து விலகிவிட வேண்டும். இதற்காக ரங்கூனுக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில் நான் சட்டை மட்டும் மிஞ்சும்படி தோற்றிருக்கிறேன்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மாடியில் பாய் விரித்து உட்கார்ந்தோம். ஆளுக்கு ஒரு படி புளியங்கொட்டை. வரம்பு கிடையாது, இருப்பது முழுவதையும் ஒரே சுற்றில் தள்ளலாம். யாருக்கு முதலில் கொட்டை தீர்கிறதோ அவர் பர்மாவுக்கு.

வெயில் சாயும் நேரத்தில் எனக்கு இரண்டு நாலு வந்தது. பெரிய அண்ணன் பாதிக் குவியலைத் தள்ளினார். சின்ன அண்ணன் அதற்கும் மேலே வைத்தார். நான் யோசிக்கவே இல்லை, கவிழ்த்துவிட்டேன். கடைசியில் இருந்தவன் தம்பி. என் பக்கம் சாய்ந்து சீட்டை விரித்துக் காட்டினான். இரண்டு ஐந்து.

"சின்ன ஜோடிதான் வந்துருக்கு. போகலாமாண்ணே? என்ன சொல்றீக?"

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் பதில் தெரிந்தவன் நான் ஒருவன்தான். பதிலையும் அப்போதுதான் பாயில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

"அடுத்தவன் சீட்டுக்கு நான் சொல்லக் கூடாதுப்பா. ஒன் இஷ்டம்" என்றேன்.

ஆட்டத்தில் அப்படி ஒரு சட்டம் உண்டு. அதற்கு முந்தைய சுற்றுகளில் அவனுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் அந்தச் சட்டம் என் நினைவுக்கு வரவில்லை.

"வந்த லட்சுமிய எதுக்கு வெரட்டணும்" என்று சொல்லி, இருந்த கொட்டை அத்தனையையும் இரண்டு கையாலும் தள்ளினான். மூன்று சீட்டு மாற்றினான். ஒன்றும் தேறவில்லை. பெரிய அண்ணனிடம் ராணி ஜோடி. சின்ன அண்ணனிடம் மூன்று ஒன்பது. தம்பி கீழே போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னான். அவள் அழுததாக என் வீட்டுக்காரி சொன்னாள். எனக்கு அன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது அதிகமாக வலிக்கிறது.

அவன் போன பிறகு பெண் குழந்தை பிறந்தது. ஒரே வளவு முற்றத்தில் என் பிள்ளைகளோடு வளர்ந்தது. அவர்கள் என்னை அப்பச்சி என்று கூப்பிட, அதுவும் அப்படியே கூப்பிட்டது. முதலில் திருத்தினேன். பிறகு விட்டுவிட்டேன். கேட்க நன்றாக இருந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டுமல்லவா.

மூன்று வருஷம் கழித்துத் தம்பி பெட்டியோடு வந்து இறங்கினான். இளைத்திருந்தான். தாய்க்காரி குழந்தையை முன்னால் தள்ளி, "அப்பச்சி வந்துருக்காக பாரு, போ ஆத்தா" என்றாள். குழந்தை அவனைத் தாண்டி ஓடி வந்து என் காலைக் கட்டிக்கொண்டது. நான் அதைத் தூக்கி அவனிடம் நீட்டினேன். அது வீறிட்டு அழுது என் தோளைப் பிடித்துக்கொண்டது.

"விடுங்கண்ணே, பயப்புடுது" என்றான் தம்பி. நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். அவன் குரலில் குத்தல் ஒன்றும் இல்லை, இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். மெதுவாகக் கேட்டான்: "அண்ணே, இவளுக்கு என்ன புடிக்கும்?"

உளுந்து மாவில் கிண்டுகிற கும்மாயம் பிடிக்கும், சூடு ஆறியிருக்க வேண்டும். காக்காய்க்குப் பயப்படுவாள். முதுகில் தட்டினால் தூங்க மாட்டாள், காதைத் தடவ வேண்டும். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது. நான் சொல்லச் சொல்ல அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.