காக்கை வராத திதி

செம்பூரில் எங்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள். பன்னிரண்டாவது மாடியில் நான் தனியாகக் குடியேறினேன். அங்கே போனபின் என் மனைவிக்கு வந்த முதல் திதியன்று, சமையலறை ஜன்னல் விளிம்பில் காக்கைக்குச் சாதம் வைத்தேன். காக்கை வரவில்லை. அது தின்னாமல் நான் சாப்பிடக் கூடாது.

இறந்தவருக்கு மனக்குறை இருந்தால் காக்கை சாதத்தைத் தொடாது என்பார்கள். ஜன்னலில் நின்று அவளிடம் வாய்விட்டே கேட்டேன்.

"ஒன் புடவையெல்லாம் எடுத்துக் குடுத்துட்டேன்னு கோபமா? டாக்டர்கிட்ட முன்னாடியே அழைச்சுண்டு போயிருக்கணுமா?"

கதவு திறந்திருந்தது. எதிர் ஃபிளாட் ராதா எட்டிப் பார்த்தாள். "யார்கிட்ட மாமா பேசறேள்?"

காக்கை வராததைச் சொன்னேன்.

"இங்க ஏது மாமா காக்கா? கார் நிறுத்த இடம் வேணும்னு சொசைட்டி மீட்டிங்ல நாமதானே பழைய பில்டிங் வாசல்ல இருந்த பாதாம் மரத்தை வெட்டச் சொன்னோம். அதுகளோட கூடெல்லாம் அதுலதானே இருந்தது."

பழைய வீட்டை இழந்தது நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். அந்த மீட்டிங்கில் நானும் கை தூக்கியிருந்தேன்.

சாதத்தை எடுத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்து அரசமரத்தடிக்குப் போனேன். கீழே வைப்பதற்குள் காக்கைகள் கூடிவிட்டன. அவளுக்கு என்மேல் கோபமில்லை. எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஜன்னலில் நின்று அவளைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்த அந்தக் கொஞ்ச நேரம்தான், இந்த வீட்டுக்கு வந்தபின் நான் தனியாக இல்லாத நேரம்.