பத்துக்கு ஏழு

வலியை எண்ணாக எழுதிக்கொள்வது நர்ஸ் வேலையில் பாதி. அந்த எண்ணைப் பல வருடங்களாக நான் முழுசாக நம்பியதில்லை. பூஜ்யம் என்றால் வலியே இல்லை, பத்து என்றால் தாங்க முடியாது. நோயாளி சொல்வதுதான் வலி, சந்தேகப்படாதே என்று படிக்கும்போதே சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். என்னைப் போலவே புற்றுநோயாளிகளின் வீடுகளுக்கு வலியடக்கும் மார்ஃபின் மாத்திரையோடு போகிற நர்ஸுகளான உங்களுக்கும் இந்தச் சங்கடம் இருக்கும். வெளியே சொல்லியிருக்க மாட்டீர்கள்.

மிதித்தபடி ஏழு

தி. நகரில் ஒரு சந்துக்குள் காதர் பாய் வீடு. தையற்காரர், எழுபது வயது, நோய் எலும்புக்குப் பரவியிருந்தது. மார்ஃபின் ஆரம்பித்ததும் ஒன்பது மூன்றாக இறங்கியது. மூன்றிலேயே நின்றுவிட்டால் வாராவாரம் போவதை மாதம் ஒருமுறை ஆக்குவது எங்கள் வழக்கம். அதை நல்ல சேதியாகச் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த மாதம் போனால், மெஷினை மிதித்துத் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். எத்தனை பாய் என்றேன்.

“ஏழு. கால் இன்ச்கூடக் குறைக்காம எழுதிக்குங்க தம்பி.”

ஏறிய மாத்திரை

எழுதினேன். மறுபடி வாராவாரம், செவ்வாய்க்கிழமை. டாக்டர் இரண்டு முறை அளவைக் கூட்டினார். ஏழு அசையவில்லை. மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். ஒரு மாத்திரை விடாமல் விழுங்கியிருந்தார். பேச்சு குழறியது. ஒரு வாரம் நெற்றியில் வீக்கம்: தைக்கும்போதே தூங்கி மெஷினில் இடித்துக்கொண்டாராம்.

இன்னும் கூட்டினால் மூச்சே மந்தமாகலாம். கூட்டாமல் விட்டு, நிஜமாகவே ஏழாக இருந்தால்? நான் நம்பாத குற்றத்துக்கு அவர் வலியில் கிடப்பதா? வாசலில் செருப்பை மாட்டும்போது அவர் மருமகள் பேச்சுவாக்கில் சொன்னார்:

“வாரத்துல இந்த ஒரு நாள்தான் மாமா இஸ்திரி போட்ட சட்டை போடுறாங்க.”

நொச்சிக்குப்பத்தில் ரெண்டு

அங்கிருந்து நேராக நொச்சிக்குப்பம். மீன் விற்கும் தேசம்மாவுக்கு வயிற்றில் கட்டி. முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு ரெண்டு என்றார். “நிஜமாவாம்மா?” என்றதும் சீறினார்.

“மேல சொன்னா நீ மாத்திரைய ஏத்துவ நைனா. எங்க மாமியாருக்கு இப்டித்தான் ஏத்திக்கினே இருந்தாங்க, போய்ச் சேர்ந்துச்சு.”

மூடிய பேனா

மாமியாரைக் கொண்டுபோனது நோய், மாத்திரை இல்லை என்று புரியவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. வண்டியை எடுக்கும்போதுதான் உறைத்தது. தேசம்மா வலியைப் பார்த்து எண் சொல்லவில்லை. எண்ணைக் கேட்டதும் நான் என்ன செய்வேன் என்று பார்த்துச் சொன்னார்.

அப்படியானால் பாய்? அவர் ஏழு என்றதும் நான் என்ன செய்தேன்? மாத்திரையைக் கூட்டச் சொன்னேன் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்கும் முன்னால் ஒன்று செய்திருந்தேன். வாராவாரம் போக ஆரம்பித்தேன்.

டாக்டரிடம் சொல்லி, எண் எதுவானாலும் பாய் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போக அனுமதி வாங்கினேன். அடுத்த முறை போனதும் பாய் வழக்கம்போல வாயைத் திறந்தார். பேனாவை மூடிப் பையில் வைத்துவிட்டு, இத்தனை வருடச் சந்தேகத்தில் ஒருநாள்கூட ஒருவரிடமும் கேட்கத் தோன்றாததைக் கேட்டேன்:

“பாய், துளிகூட வலி இல்லன்னாலும் செவ்வாய்க்கிழமை நான் வருவேன். இப்பச் சொல்லுங்க, எத்தனை?”