உயிர்ச்சேதம் இல்லை

போலகம் கிராமத்தில் லோகாம்பாளின் வாய்க்கு அஞ்சாத ஆள் கிடையாது. நடவுக் கூலியைக் குறைத்த பண்ணைக்காரரையே வரப்பில் நிறுத்தி, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டவள். அந்த வாய்தான் கடைசியில் அவளைக் கெடுத்தது என்று ஊர் சொல்கிறது. ஊருக்கென்ன, சொல்லும்!

சுழல்காற்று பத்தே நிமிஷம்தான் அடித்தது. மாட்டை அவிழ்க்க ஓடிய அவள் புருஷன் தியாகராசனின் கழுத்தில், எங்கிருந்தோ பறந்து வந்த தகர ஷீட் இறங்கியது. ஆள் அங்கேயே முடிந்தார். கொட்டகை சரிந்து மாடும் செத்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனா அறுத்துப் போட்ருவாங்க. பட்டது போதும், அவரை விட்ருங்க" என்று வாசலில் விழுந்து புரண்டாள். துர்மரணமான உடம்பைப் பொழுது சாய்ந்த பிறகு போட்டுவைக்கிற வழக்கமும் அங்கே இல்லை. விளக்கு வைப்பதற்குள் ஊர் கூடி எரித்துவிட்டது.

நாலாம் நாள் சேதம் கணக்கெடுக்க அதிகாரி வந்தார். இடிந்த சுவரைப் போட்டோ எடுத்தார்.

"என் வீட்டுக்காரரையும் எழுதிக்குங்க சார்" என்றாள் லோகாம்பாள்.

"போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் இருக்காம்மா?"

"ஊரே பாத்துச்சு சார்."

"ஊர் பாத்தா ஆச்சா? காத்துலதான் செத்தாருன்னு காயிதம் வேணும். மாட்டுக்கு டாக்டர் பாத்து எழுதிக் குடுத்திருக்காரு, ஏத்தியாச்சு."

மாடு பட்டியலில் ஏறியது, மனுஷன் ஏறவில்லை. என்ன அநியாயம் இது! மகள் கவியா நர்சிங் படிக்கிறாள், நிவாரணப் பணம் வேண்டாமென்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிட, இந்த மனுஷன் காற்றில்தான் செத்தார் என்று சர்க்கார் ஒரு வரி எழுத வேண்டும் என்றுதான் அவள் வயிறு எரிந்தது. பாழாய்ப்போன தாலுகா ஆபீசுக்கு எட்டு நடை நடந்தாள். எட்டுத் தடவையும் அந்த ரிப்போர்ட்டைத்தான் கேட்டார்கள். இதற்கு நடுவில் உயிர்ச்சேதம் இல்லை என்று பேப்பரில் வேறு வந்துவிட்டது.

மாதக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் நிவாரணப் பொருள் கொடுத்தார்கள். அரிசி, பாய், போர்வை. ரேஷன் கார்டு வரிசைப்படி மைக்கில் பேர் படித்தார்கள்.

"தியாகராசன்!"

கூட்டம் லோகாம்பாளைத் திரும்பிப் பார்த்தது.

"தியாகராசன்! குடும்பத் தலைவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும். ஆள் இருக்காரா, இல்லையா?"

லோகாம்பாள் எழுந்து மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"அதை நீங்கதான் சார் சொல்லணும். நாங்க எரிச்சிட்டோம். நீங்க இன்னும் சாகவிடல."

அதிகாரி அந்தப் பேருக்கு நேரே 'ஆள் வரவில்லை' என்று எழுதினார். அடுத்த பேரைப் படித்தார்.