ஊமைப்பூட்டு வாய் திறந்தது

பூட்டு ரிப்பேர் செய்யும் அந்த மனிதருக்குச் சொந்தக்காரர்கள் வைத்த பெயர் ஊமைப்பூட்டு. எப்பேர்ப்பட்ட கதவையும் திறந்துவிடுவார். அவர் வாயைத் திறக்க வைப்பதற்குள் நமக்குத் தாவு தீர்ந்துவிடும். மனைவி நேர் எதிர். அழகு நிலையத்தில் வேலை. ஒருத்தி புருவம் திருத்திக்கொண்டு போனதை அவள் சொல்ல ஆரம்பித்தால் எல்லார் தட்டிலும் சாப்பாடு ஆறிப்போகும்.

"இன்னைக்கு என்னங்க நடந்துச்சு?" என்று அன்றும் கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. ஒரு பாத்ரூம் கதவு. திறந்தேன், வந்துட்டேன்."

"உள்ள யாராவது இருந்தாங்களா?"

"வீட்டுக்காரர். காலையிலேருந்து மாட்டிக்கிட்டிருந்தார்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அவர் பெண்டாட்டி?"

"வெளியில நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாங்க. நான் திருப்புளிய எடுத்ததும், 'அவசரப்படாதீங்க தம்பி, கல்யாணமான நாள்லேருந்து இன்னைக்குத்தான் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்றார், இன்னும் ரெண்டு கேள்வி பாக்கி இருக்கு'ன்னாங்க."

மனைவிக்குச் சிரிப்பில் புரையேறியது. "இதையா ஒண்ணுமில்லன்னீங்க?"

"பூட்டுல பெரிசா எதுவும் பழுதில்லையே," என்றார் அவர். நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார்.

"பூட்டை விடுங்க. ஆளைச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் அண்ணன் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தபோது, அவள் அவரை மாட்டிவிட்டாள். "இவர்கிட்ட ஒரு கதை இருக்கு, கேளுங்க."

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அது உருண்டைக் கைப்பிடி வெச்ச பூட்டு. உள்ள ஒரு ஸ்பிரிங் இருக்கும்..." ஸ்பிரிங் நீண்டுகொண்டே போனது. மச்சான் போனை எடுத்தார். மச்சானின் மனைவி கொட்டாவியைக் கையால் மறைத்தாள். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

ஸ்பிரிங்கை அப்படியே போட்டுவிட்டுச் சட்டென்று சொன்னார்: "அந்தம்மா கதவைப் பார்த்து, 'என் தங்கச்சி கல்யாணத்துல ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க?'ன்னு கேட்டாங்க. உள்ளேருந்து பதில் வருது, 'செருப்பு கடிச்சுது!'"

மச்சானின் போன் மடிக்கு இறங்கியது. "செருப்பா?"

"புதுச் செருப்பு. அதுக்காக அந்தம்மா இத்தனை வருஷமா மனசுக்குள்ள பொருமிக்கிட்டு இருந்திருக்காங்க."

வீடே சிரித்தது. அவருக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் நிறுத்த மனம் வரவில்லை. "கடைசிக் கேள்வி... வீட்டுக்கு வந்தா ஏன் எதுவுமே சொல்றதில்லன்னு கேட்டாங்க." இங்கே அவருக்கு நாக்கு கொஞ்சம் இடறியது. மனைவி பக்கம் தலையைத் திருப்பவே இல்லை. "அவர் 'சொல்ற மாதிரி எதுவும் இருக்குன்னு தோணல'ன்னார்."

"பாவம், அந்தப் பொம்பள," என்றாள் மனைவி, அவரைப் பார்த்துக்கொண்டே.

அடுத்த மாதம் ஒரு பிறந்தநாள் விருந்து. மச்சான் அதே கதையைத் தன் கதைபோல எடுத்துவிட்டுக்கொண்டிருந்தார். தீயணைப்பு வண்டி வந்தது, ஏணி போட்டார்கள், ஜன்னல் கண்ணாடி உடைந்தது. மூலையில் உட்கார்ந்திருந்தவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏணியாவது வண்டியாவது! நிறுத்துங்க மச்சான்!"

"என்ன மாப்பிள்ளை, சும்மா ஒரு சுவைக்குத்தானே..."

"செருப்பையே விட்டுட்டீங்க, அப்புறம் என்ன சுவை? தள்ளி உட்காருங்க, நான் சொல்றேன்."

கிளம்பலாம் என்று மனைவி மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது, அவருடைய கதை இன்னும் அந்தச் செருப்பு கடித்த கல்யாண வீட்டைத் தாண்டியிருக்கவில்லை.