டிரைவர் சீட்டுக்கு மட்டும் ஒரு பட்டன்

கார் சீட்டு ரிப்பேர் செய்கிற தொழிலில், ஆள் வண்டியை விட்டு இறங்குகிற விதத்தைப் பார்த்தாலே பாதிக் கோளாறு தெரிந்துவிடும். கடலூர் முதுநகரில் ரயிலடிக்குப் போகிற வழியில் என் பட்டறை இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் இடுப்புக்குப் பின்னால் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு வண்டி ஓட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டாம், குனிந்து குனிந்தே வேலை பார்க்கிற நானும் உங்கள் கட்சிதான்.

சீட்டுக்குள் எலி

இப்போது வருகிற சில கார்களில் டிரைவர் சீட்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் சீட்டின் முதுகுக்குள் இருக்கும் காற்றுப் பை உப்பி, இடுப்பைத் தாங்கிப் பிடிக்கும். இது தெரியாமலே வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. செம்மங்குப்பத்துக் கம்பெனி ஒன்றில் பெரிய வேலையில் இருப்பவர் ஒருநாள் மனைவியோடு வந்தார். சாயங்காலம் வீடு திரும்பும்போதெல்லாம் சீட்டுக்குள் ஏதோ ஒன்று முதுகை முட்டுகிறதாம், எலிதான் பூந்துவிட்டது என்றார். பார்த்தால், சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் செல்போனைச் செருகி வைக்கிற பழக்கம் அவருக்கு. அந்தப் போன் பட்டனை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது.

போனைச் செருகி, எலியை வரவழைத்துக் காட்டினேன். அவர் போனை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாதான் பேசினார்: "எலிப்பொறி வாங்கி வைக்கலன்னு ஒரு வாரமா எங்கூட சண்ட போட்டாரு. இப்ப மன்னிப்பு யாரு கேக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க சார்."

முதலாளி மெஷினில் இருக்கிற நேரம்

சிரித்துவிட்டீர்கள் அல்லவா, இனி வருவது வேறு மாதிரி. ஒருநாள் காலை ஒரு பெரிய வண்டி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகுதான் நிமிர்ந்தார். பெயர் ஏழுமலை. சிதம்பரத்தில் இருக்கும் ஒரு ரைஸ்மில் முதலாளிக்கு டிரைவர். மில் காட்டுமன்னார்கோயிலில். முதலாளிக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போய், டயாலிசிஸ் செய்ய வாரம் இரண்டு முறை கடலூருக்கு அழைத்து வர வேண்டியிருந்தது. அவர் ஆஸ்பத்திரியில் மெஷினோடு படுத்திருக்கிற நேரம்தான் ஏழுமலைக்கு ஓய்வு. அந்த நேரத்தில்தான் யாருக்கும் சொல்லாமல் என்னிடம் வந்திருந்தார்.

பட்டனை அழுத்தினால் மோட்டார் சத்தம் வருகிறது, பை உப்பவில்லை. "மொதலாளி கேட்டா ஏசி வேலன்னு சொல்லுங்கண்ணே" என்றார். எதற்கு மறைக்க வேண்டும் என்றேன். அவருக்கு இடுப்பில் டிஸ்க் விலகியிருந்தது. அந்தப் பை தாங்கினால் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை ஓட்டிவிடுவார், இல்லாவிட்டால் பரங்கிப்பேட்டை திருப்பத்திலேயே கால் மரத்துப்போகும். அவருக்கு முன்னால் இருந்த டிரைவரைக் கண் சரியில்லை என்று முதலாளி நிறுத்திவிட்டார். ஏழுமலையின் மகள் நர்சிங் படிக்கிறாள், வீட்டில் வேறு சம்பாத்தியம் இல்லை. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவர் கடைசியாகச் சொன்னது: "முதுகு போச்சின்னு மொதலாளிக்குத் தெரிஞ்சா, வேலையும் கூடவே போயிடும்ணே."

பூஜை போட்ட கையோடு

சீட்டைக் கழற்றிப் பிரித்தேன். காற்றுப் பையில் ஓட்டை. கம்பி குத்திய ஓட்டை. எந்தக் கம்பி என்று யோசிக்கவே வேண்டியதில்லை. நம் ஊரில் புது வண்டி எடுத்தால் நேராகக் கோயிலுக்குப் போய்ப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி, அதே கையோடு சீட் கவர் கடைக்கு ஓட்டிவந்துவிடுவார்கள். கம்பெனி கொடுத்த சீட் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதன் மேல் ரெக்சின் ஏற வேண்டும். கவரை இழுத்துக் கட்டும்போது உள்ளே பை இருப்பதை யார் நினைக்கிறார்கள்? கம்பி வளையத்தை அழுத்தி முறுக்கிவிடுவார்கள். அது சில மாதம் உரசி உரசிப் பையைத் துளைத்துவிடும்.

இந்த வண்டிக்குக் கவர் போட்டது யார் என்று கேட்டால், பக்கத்துக் கடை பாஷாவேதான். அவன் ஓட்டை போடுவதும் நான் அடைப்பதுமாக எங்கள் இரண்டு குடும்பமும் நன்றாகத்தான் நடக்கிறது. பையைக் கொண்டுபோய் அவன் முகத்துக்கு நேரே காட்டினேன். உண்மையில் கோபமாகத்தான் போனேன். அவன் ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்து, கொஞ்சம் கலங்கித்தான் போனான். ஆனாலும் சொன்னான்: "அந்த மில்லு மொதலாளியே கூட நின்னு, இந்த டிரைவர் சீட்டுக்கு மட்டும் பஞ்சு ஜாஸ்தியா வச்சி நல்லா இறுக்கிக் கட்டுப்பான்னு சொன்னாரு மச்சான், நான் என்னா பண்ணுவேன்?"

மருந்துக் கடைக்கு அனுப்பிவிட்டு

ஓட்டைக்குப் பஞ்சர் ஒட்டினேன். அது காய்வதற்குள் ஆஸ்பத்திரியில் நேரம் முடிந்துவிட்டது. ஏழுமலை ஆட்டோ பிடித்து ஓடினார். திரும்பி வந்த ஆட்டோவில் முதலாளியும் இருந்தார். ஊசி எடுத்த கையில் பிளாஸ்திரி, முகமெல்லாம் அலுப்பு. ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தேன். கழற்றிய சீட் அவர் எதிரிலேயே கிடந்தது. ஏசி வேலை என்று எந்த வாயால் சொல்வது? ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முதலாளி எதுவும் கேட்கவில்லை. டாக்டர் எழுதிய மாத்திரைச் சீட்டை எடுத்துக் கொடுத்து அவரை மருந்துக் கடைக்கு அனுப்பினார்.

ஏழுமலை தெருவைத் தாண்டியதும் முதலாளி என் பக்கம் திரும்பி, "நல்லா செஞ்சி குடு தம்பி. இந்த பட்டன் இருக்குதுன்னுதான் இந்த வண்டியையே எடுத்தேன்" என்றார். ஏழுமலையின் முதுகு விஷயம் அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "கார்ல நான் எங்க உக்காருவேன், பின்னாடிதான? போவ வர அவன் முதுகதான் பாத்துக்கிட்டு வரேன்" என்றார். அப்படியானால் ஏழுமலையிடமே சொல்லிவிடலாமே, பாவம், பயந்து சாகிறாரே என்றேன். தலையை ஆட்டி மறுத்தார். "ரோஷக்காரன்பா அவன். எனக்குத் தெரிஞ்சிட்டதுன்னா, அவனே சாவிய வச்சிட்டுப் போயிடுவான். ஏசி வேலன்னு சொல்லித்தான் என்ன ஆட்டோல கூட்டியாந்தான், நீயும் எங்கிட்ட அதையே சொன்னதா அவங்கிட்ட சொல்லு."

விற்பதற்கு முன்னால்

பிறகு ஒருநாள் பஞ்சர் ஒட்டிய பையை எடுத்துவிட்டுப் புதுப் பையே போட்டேன். பாஷா காசு வாங்காமல் கவரை இந்த முறை நாடாவால் கட்டிக்கொடுத்தான். மழைக்காலம் முழுக்க ஏழுமலை ஒரு நடை தவறாமல் ஓட்டினார். வரும்போதெல்லாம் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுவார், பின்சீட்டிலிருந்து முதலாளியும் தலையசைப்பார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் திருடன் மாதிரி நின்றுகொண்டிருப்பேன். பொங்கலுக்கு முன்னால் முதலாளி இறந்துபோனார். ஏழுமலைதான் போன் செய்தார்.

கொஞ்ச நாள் கழித்து முதலாளியின் மகன் வந்தார். வெளியூரில் வேலையாக இருந்தவர், இனி மில்லைப் பார்க்கப் போகிறாராம். வண்டியை விற்கப் போவதால் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். ஏழுமலை ஓரமாக நின்றார். வண்டி போனால் தானும் போக வேண்டியதுதான் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பட்டனை அழுத்திக் காட்டினேன். பை நன்றாக உப்பியது. மகன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்பா கடைசியா ஒண்ணு சொன்னாருங்க. எந்த வண்டி எடுத்தாலும் டிரைவர் சீட்டுல இந்த பட்டன் இருக்கான்னு பாத்து எடுன்னாரு. எதுக்குன்னுதான் சொல்லல" என்றார்.

ஏழுமலை என்னைப் பார்த்தார். முதலாளியிடம் நீங்கள் சொன்னீர்களா என்று கேட்கிற பார்வை. இல்லை என்று தலையசைத்தேன். அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு மகனின் எதிரில் வந்து நின்றார். "எனக்குத்தான் தம்பி. என் முதுகு சரியில்ல. ரொம்ப நாளா சரியில்ல" என்றார். வேலை போனாலும் போகட்டும் என்று சொன்ன சொல் அது. மகன் கொஞ்ச நேரம் அவரையும் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "அப்ப புது வண்டிய நீங்களே உக்காந்து பாத்து எடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். ஏழுமலை அந்தச் சீட்டில் உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்தார். பின்சீட் காலியாக இருந்தது. அழுதுகொண்டே சொன்னார்: "வலிக்குதாடான்னு அவரு ஒரு வார்த்த கேட்டிருக்கலாம், வலிக்குதுன்னு நானும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ணே."

எத்தனையோ சீட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டேன், குத்தினால் மறைக்காமல் உடனே உஸ்ஸென்று சொல்லிவிடுவது அந்தக் காற்றுப் பை ஒன்றுதான்.