திரும்பி வந்த தேன் குப்பிகள்

இன்று காலை வெள்ளறடை ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் ஒரு சாக்கு மூட்டையை என்னிடம் தந்தார். "பெருங்கடவிளை கடைக்கார அக்கா குடுத்துவிட்டாவ."

உள்ளே குப்பிகள் உரசும் சத்தம் கேட்டது. அந்தக் கடைக்கு நான் அனுப்பிய தேன் அப்படியே திரும்பிவிட்டது என்று நினைத்தேன்.

உடனே போன் செய்தேன். "என்னக்கா, தேன் ஒண்ணும் போகலியா?"

"எல்லாம் வித்தாச்சு மக்கா. அது காலிக் குப்பியாக்கும். நீ திருப்பி வேணும்னு கேட்டல்லா? வாங்கினவிய எல்லாரும் கழுவிக் கொண்டு தந்தாவ."

ஒரு வருடமாக எல்லாக் கடைகளிலும் கேட்டு வருகிறேன். திருப்பி அனுப்பிய முதல் கடை இதுதான். தேன் வைத்து அனுப்பிய அட்டைப்பெட்டிகளைக்கூட அக்கா மடித்துக் கட்டியிருந்தார். அடுத்த தேனுக்குப் புதுக் குப்பி வாங்க வேண்டாம்.

ஒரு குப்பியில் மட்டும் யாரோ மீன் ஊறுகாய் போட்டிருக்கிறார்கள். எத்தனை முறை கழுவியும் வாசம் போகவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.